விதைக்கறதுக்கு முன்னாடி நோய்க்குன்னு தனியா மண் டெஸ்ட் எடுத்தவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

என் கதையை முதல்ல சொல்லிடறேன். போன தடவை கோதுமை போட்டப்போ மண் டெஸ்ட் எடுத்துட்டுதான் போட்டேன், தழை மணி சாம்பல் எல்லாம் சரி, பிஹெச் சரி, ரிப்போர்ட்டை பார்த்துட்டு நிம்மதியா விதைச்சாச்சு. கதிர் வர்ற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. பால் பிடிக்கற நேரத்துல அங்கங்க கதிர் மட்டும் வெள்ளையா வெளுத்து நிக்குது, பக்கத்துலயே மத்ததெல்லாம் பச்சை. தண்ணி பத்தலன்னு நினைச்சேன். கசக்கி பார்த்தா மணியே இல்ல, வெறும் பதர். தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து ஒரு தூரை புடுங்கி அடித்தோகையை உரிச்சு காட்டினாரு, தண்டு தேன் கலர்ல பழுப்பாகி கிடக்கு, கணுகிட்ட லேசா ரோஸ் கலர் பூஞ்சாணம். ஃபியூசேரியம், அடித்தண்டு அழுகல்னாரு. சத்து டெஸ்ட்ல இது எப்படிங்க தெரியும், அது வேற இது வேறன்னு அவர் சொன்னப்பதான் எனக்கு உறைச்சது. அந்த நேரத்துல மருந்து அடிச்சும் பிரயோஜனம் இல்ல. இந்த தடவை முன்னாடியே பார்த்துடணும்னு இருக்கேன்.

—

அண்ணே, நான் நோய்க்குன்னே டிஎன்ஏ டெஸ்ட் (மண்ணுல நோய்க்கிருமியோட மரபணு இருக்கான்னு லேப்ல பார்க்கறது) கொடுத்தும் ஏமாந்தவன். லேப் மேல தப்பில்ல, தப்பு என் கையில. சத்து டெஸ்டுக்கு மண் எடுக்கும்போது மேல கிடக்கற குப்பை, தாள் (அறுத்த பயிரோட காய்ஞ்ச தட்டை) எல்லாத்தையும் ஒதுக்கிட்டு எடுன்னு பழகியிருக்கோம்ல, அதே பழக்கத்துல வரிசைக்கு நடுவுல சுத்தமான மண்ணா பார்த்து அள்ளிட்டு போனேன். ரிசல்ட் 'ஆபத்து குறைவு'. அந்த பூஞ்சாணம் குடியிருக்கறதே பழைய தாள்லயும் தூர்லயும்தான், அதை விட்டுட்டு மண்ணை மட்டும் கொடுத்தா என்ன தெரியும்? அடுத்த தடவை போன பயிர் நின்ன வரிசையை ஒட்டியே மண் எடுக்கற குழாயை இறக்கி, வயல் முழுக்க பல இடத்துல எடுத்து, அடித்தாள் துண்டுகளையும் சேர்த்து போட்டேன். ரிசல்ட் 'ஆபத்து அதிகம்'.

இன்னொண்ணு, மழை நல்லா பெய்ஞ்ச வருஷம் வெண்கதிர் கண்ணுக்கே தெரியாது, ஆனா உள்ளுக்குள்ள பூஞ்சாணம் பெருகிக்கிட்டேதான் இருக்கும். போன வருஷம் நல்லா விளைஞ்சுதேன்னு நம்பி டெஸ்டை விட்டுடாதீங்க. தாளை கொளுத்திட்டா போச்சுன்னு சிலர் சொல்வாங்க, மண்ணுக்குள்ள இருக்கற தூர் எரியாது அண்ணே.

—

மேல சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா ஒரு நோயை மட்டும் பார்த்து முடிவெடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்றேன். எனக்கும் இதே அழுகல்தான், கொண்டைக்கடலை போட்டு ஒரு சுற்று இடைவெளி விடுங்கன்னாங்க, போட்டேன், அழுகல் குறைஞ்சுது. அடுத்து போட்ட கோதுமை அங்கங்க வெளிறி, தூர் கட்டாம சோம்பி நிக்குது, தண்ணி இருந்தும் வாடுது. பார்த்தா வேர் நூற்புழு (வேரைத் தின்னுற, கண்ணுக்கு தெரியாத நூல் மாதிரி புழு), அதுல பிராட்டிலெங்கஸ் தோர்னியைங்கற இனம். அதுக்கு கொண்டைக்கடலைன்னா விருந்தாம்! ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேய்க்கு படையல் வெச்ச கதை. நூற்புழு இருக்குன்னு மட்டும் சொன்னா பத்தாது, எந்த இனம்னு தெரியணும், ஏன்னா தோர்னியைக்கு கனோலா (கடுகு குடும்பத்து எண்ணெய் வித்துப் பயிர்) அவ்வளவா ஒத்துக்காது, நெக்லக்டஸ்ங்கற இன்னொரு இனத்துக்கு அதே கனோலா நல்ல தீனி. இனம் தெரியாம மாத்துப்பயிர் எடுத்தா குருட்டாம்போக்குதான்.

அப்புறம் சிரிக்காதீங்க, முதல் தடவை மண் பையை ரெண்டு நாள் வெயில்ல நின்ன கார்லயே மறந்துட்டேன். அந்த லேப்ல புழுவை தண்ணியில இறங்க விட்டு மைக்ராஸ்கோப்புல எண்ணுவாங்க, உயிரோட இருந்தாதானே இறங்கும், வெந்து போச்சுன்னா எண்ணிக்கை கம்மியாதான் வரும். நிழல்ல வெச்சு சீக்கிரம் அனுப்பிடுங்க.

—

சகோ, லேப் வசதி கைக்கு எட்டாதவங்களுக்கு நான் பண்றதை சொல்றேன். வயல் மண்ணை ரெண்டா பிரிச்சு ஒரு பாதியை நல்லா ஆவியில வேக வெச்சு ஆற விட்டு, ரெண்டு தொட்டியிலயும் ஒரே விதை போட்டு ஒரே அளவு தண்ணி விட்டு ஆறு வாரம் வளர்ப்பேன் (வீட்ல 'மண்ணை சமைக்கறா'ன்னு கிண்டல் வேற). அப்புறம் வேரை தண்ணியில மெதுவா அலசி வெள்ளைத் தட்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்க்கணும். வேர் நுனி அழுகி ஈட்டி முனை மாதிரி கூரா பழுப்பா நின்னா ரைசோக்டோனியா, வேர் உள்ள வரைக்கும் கருத்திருந்தா டேக்-ஆல் (ரெண்டுமே வேரைத் தாக்கற பூஞ்சாண நோய்), முடிச்சு முடிச்சா இருந்தா முட்டைக்கூடு நூற்புழுவா (சிஸ்ட் நெமடோடு) இருக்கலாம். வயல்ல மொட்டைத் திட்டு இருந்தா அந்த மண்ணையும் நல்லா இருக்கற இடத்து மண்ணையும் கலக்காம தனித்தனியா போடுங்க. ஆனா எவ்வளவு இருக்குங்கற அளவு இதுல வராது, மேல நண்பர் சொன்ன வேர் நூற்புழுவை வெறும் கண்ணால கண்டுபிடிக்கறதும் கஷ்டம், அதுக்கு லேப்தான்.

—

எல்லாருக்கும் நன்றிங்க. நல்ல வேளை கேட்டேன், நானும் தாளை ஒதுக்கிட்டு ஒரு பை மண் எடுத்து கட்டியே வெச்சிருந்தேன், கொட்டிட்டு நாளைக்கு மறுபடி எடுக்கணும். கொண்டைக்கடலை விதையும் வாங்கி வெச்சாச்சு, நூற்புழு ரிசல்ட் வர்ற வரைக்கும் மூட்டையை பிரிக்கல. ஒரு சந்தேகம் மட்டும், மொட்டைத் திட்டு ரெண்டு இருக்கு, தூர தூரமா. ரெண்டையும் ஒரே பையில போடலாமா, இல்ல தனித்தனியாவா?