‘கம் அண்ட் சீ’ ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?

முகிலன்_77:
எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) நேற்றுதான் பார்த்தேன். போர்ப் படங்கள் எனக்குப் புதிதில்லை, ‘சேவிங் பிரைவேட் ரையன்’ ஒமாஹா கடற்கரைக் காட்சி கிட்டத்தட்ட மனப்பாடம். ரத்தம் அதில்தான் அதிகம், ஆனாலும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இதில் கதை என்று பார்த்தால், 1943இல் நாஜிகள் பிடியில் இருந்த பெலாரஸில் ஒரு பையன் மண்ணிலிருந்து துப்பாக்கியைத் தோண்டி எடுத்துக்கொண்டு கெரில்லாப் படையில் சேரப் போகிறான், அவ்வளவுதான். அப்புறம் எப்படி இது மட்டும் இவ்வளவு உலுக்குகிறது?

ஒலிப்பித்தன்:
பாதி வேலை சத்தம் செய்வதுதான். காட்டில் குண்டு விழுந்து பையனுக்குக் காது அடைத்ததும் நமக்கும் அந்த ரீங்காரம்தான் கேட்கிறது, கூட இருக்கும் பெண் பேசுவதுகூடப் புரியாது. ரையனிலும் நாயகன் டாம் ஹாங்க்ஸுக்குக் காது அடைக்கும், சீக்கிரமே திறந்துவிடும். இங்கே விடமாட்டார்கள். இன்னொன்று, அவனும் அந்தப் பெண்ணும் அவன் ஊருக்குத் திரும்பும் இடம். வீட்டில் ஆள் இல்லை, ஈக்கள் மட்டும், சாப்பாட்டில் சூடு ஆறவில்லை. ஓடும்போது அந்தப் பெண் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள், வீட்டுக்குப் பின்னால் பிணக்குவியல். ஓரிரு நொடிதான். அவன் பார்க்கவில்லை, அவளும் உடனே சொல்லவில்லை, நாம் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அவன் பின்னால் ஓட வேண்டும். வேறு இயக்குநராக இருந்தால் கேமராவை அங்கேயே நிறுத்தி இசையை ஏற்றியிருப்பார்.

கடைசி வரிசை:
முகத்தை விட்டுவிட்டீர்களே. ஒன்பது மாதம், கதை நகரும் வரிசையிலேயே படமாக்கினார்கள். அந்தப் பையனாக நடித்த அலெக்ஸேய் க்ராவ்சென்கோ அப்போது நிஜமாகவே சின்னப் பையன், முன்அனுபவம் கிடையாது. முதல் காட்சி முகத்தையும் கடைசிக் காட்சி முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே ஆள் என்றே தோன்றாது. சில காட்சிகளில் நிஜத் தோட்டாவே சுட்டார்கள், இதைப் பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஒரு பையனை வைத்துக்கொண்டு அது தேவையே இல்லை.

சாம்பல்காடு:
ரையனை மட்டம் தட்டாதீர்கள். ஒமாஹாவில் ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி கேமரா ஷட்டரின் திறப்பை 45, 90 டிகிரிக்குக் குறைத்ததால்தான் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம் குறையும்) தெறிக்கும் மண் துணுக்குத் துணுக்காகத் தெரிகிறது, பின்னணி இசையும் அங்கே இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வேலை வந்துவிடுகிறது, ஒருவனைத் தேட வேண்டும், நமக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைக்கிறது. இதில் அந்தப் பிடிமானம் இல்லை. திரைக்கதையில் பங்காற்றிய அலெஸ் ஆடமோவிச் பதின்வயதில் நிஜமாகவே கெரில்லாப் படையில் இருந்தவர், எரிக்கப்பட்ட கிராமங்களில் தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் தொகுத்தவர். அதனால்தான் கிராமத்தாரைக் களஞ்சியத்தில் அடைத்து எரிக்கும் காட்சியில் வீரம் காட்ட யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

முகிலன்_77:
சரி, சத்தம் விஷயம் பிடிபடுகிறது. கடைசியில் பையன் ஹிட்லரின் உருவப்படத்தைச் சுடச் சுட வரலாறு பின்னோக்கி ஓடும் இடம்? எனக்குக் கொஞ்சம் அதிகமாகப்பட்டது.

ஒலிப்பித்தன்:
எனக்கு இல்லை. படம் முழுக்க அவன் அந்தத் துப்பாக்கியால் சுடுவது அங்கே மட்டும்தான், அதுவும் ஒரு உருவப்படத்தை. தாய் மடியில் குழந்தையாக இருக்கும் ஹிட்லர் வந்ததும் சுட முடியாமல் நிற்கிறான். அதை வெட்டிவிட்டால் இது வெறும் பழிவாங்கும் கதையாகிவிடும்.