புதுப்பிப்பு: ரெய்டு 1 டிஸ்க் மாற்றியாச்சு, ஆனால் ரீபூட்டில் ஒரு சிக்கல்

கடை பில்லிங் சர்வரில், லினக்ஸ் ரெய்டு 1-இல் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் அமைப்பு), ஒரு டிஸ்க் தகராறு செய்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"ஸ்மார்ட் பட்டியலில் 197-ஐப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்; அதில் 197-ஆம் வரி காட்டும் படிக்க முடியாத செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. முதலில் டேட்டாவை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். அப்புறம் சர்வரை நிறுத்தாமலே எம்டிஏடிஎம்மில் (லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கருவி) பழையதை நீக்கி, புதியதில் அதே பார்ட்டிஷன் போட்டுச் சேர்த்தேன். ரீபில்டு, அதாவது புதிய டிஸ்க்குக்கு டேட்டா நகலாவது, ராத்திரியோடு முடிந்தது.

எதிர்பாராதது இதுதான்: ரீபூட் செய்தால் கறுப்புத் திரையும் மினுக்கும் கர்சரும் மட்டும். லினக்ஸைத் தொடங்கி வைக்கும் கிரப் நிரல், நான் கழற்றிய டிஸ்க்கில் மட்டும் இருந்திருக்கிறது. என் ரெய்டு, பார்ட்டிஷனைத்தான் நகலெடுக்கும்; டிஸ்க்கின் தொடக்கத்தில் பூட் கோடு இருக்கும் எம்பிஆரை அல்ல. லைவ் யுஎஸ்பியில் (லினக்ஸை நேரடியாக ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து இரண்டு டிஸ்க்கிலும் கிரப்-இன்ஸ்டால் ஓட்டியதும் சரியானது. இது பழைய பயாஸ் மெஷின். பயாஸுக்குப் பதில் புதிய யுஇஎஃப்ஐ உள்ள மெஷின் என்றால், பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷன் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறதா பாருங்கள்.