மாணவர் சொன்னதைப் பெற்றோரிடம் ஆசிரியர் மறைக்கலாமா?

மதுரைத் தந்தை:
ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், காலாண்டுத் தேர்வு விடைத்தாளில் என் கையெழுத்தைத் தானே போட்டதை வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அவரோ ஒரு மாதம் வரை எனக்குத் தெரிவிக்கவில்லை. ஆலோசனை என்ற பெயரில் ஆசிரியர்கள் பெற்றவர்களை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணித ஆசிரியை:
ஐயா, தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வீட்டில் சொல்ல அஞ்சியதை அவள் பள்ளியிலாவது சொன்னாளே என்பதையும் எண்ணிப் பாருங்கள். குறுக்கிடாமல் கேட்பது, 'ஏன் செய்தாய்?' என்பதற்குப் பதிலாக 'என்ன நடந்தது?' என்று கேட்பது, சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, அதன்பிறகே வழி தேடுவது ஆகியவைதான் நாங்கள் பழகும் திறன்கள். 'ஏன்' என்ற கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் விசாரணையாகவே ஒலிக்கிறது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில் ஒத்துணர்வையும் நிபந்தனையற்ற ஏற்பையும் வலியுறுத்தினார்.

மதுரைத் தந்தை:
நிபந்தனையற்ற ஏற்பு என்றால் பொய்க் கையெழுத்தையும் ஏற்றுக்கொள்வதா?

கணித ஆசிரியை:
இல்லை. செய்த செயலைத் தவறென்று சொல்லலாம். செய்தவளைக் கெட்டவள் என்று முத்திரை குத்தக் கூடாது.

பள்ளி ஆலோசகர்:
கேட்கும் முறையில் ஆசிரியை சொல்வது சரி. ஆனால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று எந்த ஆசிரியரும் வாக்களிக்கவே கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மற்றவர்களிடம் சொல்ல நேரும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். பாலியல் வன்கொடுமை பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தருவது கட்டாயம்; தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். உடனடி உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கையெழுத்து விவகாரம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இங்கே, மகளே தந்தையிடம் சொல்வதற்கு நாள் குறித்து, தேவைப்பட்டால் ஆசிரியையும் உடனிருந்திருக்க வேண்டும். நாள் குறிக்காமல் ஒரு மாதம் விட்டது குறைதான்.

மதுரைத் தந்தை:
அப்படியானால் என் குறை நியாயமானதே. ஆசிரியர்களுக்கு இதில் முறையான பயிற்சி இல்லாதவரை, இத்தகைய செய்திகளை உடனே வீட்டுக்குத் தெரிவிப்பதே நல்லது என்பேன்.

கணித ஆசிரியை:
உடனே தெரிவித்தால் அடுத்த முறை அவள் ஆசிரியையிடமும் சொல்லமாட்டாள், ஐயா. ஒரு வாரக் கெடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அன்றே தெரிவிப்பதற்கு உடன்பட மாட்டேன்.