மறுமொழி: ‘அச்சோவியம்’ என்று முடித்துவிடுவதற்கு முன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘பிரின்ட்’, அதாவது தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ உருவாக்கி மை தடவித் தாளில் எடுத்த பழைய படம், அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நடக்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நேற்று ஒருவர் ‘அச்சோவியம் என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரிகிறது’ என்று எழுதி, நாலு பேர் ஆமாம் போட்டதும் கை பரபரத்துவிட்டது. கோயில், கோட்டை, அரசர், தளபதி என்று பழைய படங்கள் ஐந்நூறுக்கு மேல் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் தமிழில் குறிப்பு எழுதப்போகிறோம். இப்போது ஒரு சொல்லைத் தவறாகப் பிடித்தால் அந்த ஐந்நூறையும் பிறகு உட்கார்ந்து திருத்த வேண்டிவரும்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஆங்கிலேய ஓவியர்கள் டேனியல்களின் தஞ்சைப் பெரிய கோயில் படத்துக்கு ஒரு மலரில் ‘நீர்வண்ண ஓவியம்’ என்று குறிப்பு எழுதியவன் நான்தான். கணினித் திரையில் பார்த்து எழுதியது. அப்புறம் ஒருநாள் அந்தத் தாளையே கையில் வாங்கிப் பார்க்க வாய்த்தது. படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் விரலில் தட்டுப்பட்டது. செப்புத்தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் அது. ஓவியத்துக்கு ஏது தகடு?

சரி, அச்சிட்டதுதான் என்று ஆயிற்று. பிறகு நீர்வண்ணம் எங்கிருந்து வந்தது? அந்தப் படம் அச்சான முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர், அதில் ‘அக்வா’ இருப்பதைப் பார்த்து நீர் என்று நானே பெயர்த்துக்கொண்டேன். நம் குழுவிலும் ‘நீர்ச்சாயல் அச்சு’ என்றொரு பரிந்துரை வந்திருக்கிறது. அந்த அக்வா குடிக்கிற தண்ணீர் இல்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது, அக்வா ஃபோர்டிஸ் என்று பழைய ஐரோப்பியர் சொன்ன நைட்ரிக் அமிலம், நம்மூர் பழைய புத்தகங்களில் வருகிற வெடியுப்புத் திராவகம். தாமிரத்தைத் தின்கிற சரக்கு. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து அக்வாடின்ட்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைகளில் அச்சாகி, பிறகு தாள் தாளாகக் கையால் நீர்வண்ணம் பூசப்பட்டன. ஆக மேலே பூசிய வண்ணம் நிஜமாகவே நீர்வண்ணம்தான், படம் மட்டும் அச்சு. ஒரே படத்தின் இரண்டு தாள்களில் வானத்து நீலம் வேறு வேறாக இருப்பதும் இதனால்தான்.

‘ஓவியம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்’ என்று கேட்ட தம்பிக்கு: ஓவியம் என்றால் பார்த்த கண்ணும் வரைந்த கையும் ஒரே ஆளுடையவை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அச்சில் நடுவே இன்னொரு கை புகுந்துவிடுகிறது. கோயிலைப் பார்த்தவர் ஒருவர், தகட்டில் இறக்கியவர் லண்டனைத் தாண்டாத வேறொருவர், நடுவில் மரமும் மேகமும் தன் விருப்பத்துக்குச் சேர்த்தவர் இன்னொருவர். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் இதில் விதிவிலக்கு. தாமஸும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியமுமாக 1792-93-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மதுரை, இராமேசுவரம், குமரிமுனை என்று சுற்றினார்கள். ஊர் திரும்பித் தகட்டு வேலையையும் பெரும்பாலும் தாங்களே செய்தார்கள். ‘ஓரியண்டல் சீனரி’ என்று 1795 முதல் 1808 வரை வந்த 144 படங்கள் அப்படி உருவானவை. அவர்களுக்கு முன்னால் இந்தியா வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1785-88-இல் 48 அக்வாடின்ட்கள் வெளியிட்டார். தகட்டு வேலையைத் தாங்களே செய்கிற பொறுமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

இடவலம் இன்னொரு சங்கதி. தகட்டில் நேராக வரைந்தால் தாளில் கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பி விழும். கைதேர்ந்தவர்கள் தகட்டில் முதலிலேயே திருப்பி வரைவார்கள். மற்றவர் படத்தைப் பார்த்து அவசரத்தில் நகலெடுத்தவர்கள் அதற்கு மெனக்கெடவில்லை. அதனால் வாள் இடக்கைக்குப் போகும், கோபுரம் குளத்துக்கு அந்தப் பக்கம் தாவிவிடும். பெரிய ஆட்களும் இதைப் பொருட்படுத்தாதது உண்டு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தகட்டில் வரைந்த ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சி இடவலம் மாறியது. அமெரிக்க ஓவியர் விஸ்லரின் வெனிஸ் படங்களும் அப்படித்தான். ‘ஓவியம்’ என்று போட்டுவிட்டால், அரசர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று எவராவது ஆய்வுக்கட்டுரை எழுதிவிடுவார்.

அதனால் என் ஓட்டு ‘அச்சுப்படம்’. ‘படம்’ மட்டமான சொல் என்று சிலர் கருதுவது தெரிகிறது. ஆனால் சுவரில் மாட்டிய ரவிவர்மா அச்சுகளை நம் வீடுகளில் ‘ரவிவர்மா படம்’ என்றுதான் சொன்னோம், சொல்கிறோம். நாக்கில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஒரு சொல் எதற்கு?

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு வந்திருந்தது:

> புகைப்படத்தையும் ‘பிரின்ட்’ போடுகிறோமே. அதுவும் அச்சுப்படம் ஆகிவிடாதா?

ஆகும்தான். ஆங்கிலேய ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்த ஒளிப்படங்களும் தாளில் எடுத்த பிரதிகளே. அவற்றை ‘ஒளிப்படப் பிரதி’ என்று ஒதுக்கிவிடலாம். மை தொட்டது அச்சுப்படம், ஒளி தொட்டது ஒளிப்படம். இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் போதும்.

‘மைப்படி’ என்று பரிந்துரைத்த கல்வெட்டுத் துறை ஐயாவுக்குத்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஐயா, நீங்கள் கல்வெட்டில் படியெடுக்கும்போது என்ன செய்கிறீர்கள்? ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குகிறீர்கள். பிறகு மேலே மை ஒற்றுகிறீர்கள். மேடு கறுக்கிறது, பள்ளம் வெள்ளையாக நிற்கிறது, எழுத்து வெள்ளையில் படிக்கக் கிடைக்கிறது. செப்புத்தகட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிடுவார்கள். கீறலுக்குள் புகுந்த மை மட்டும் தங்கும். ஈரத்தாளை மேலே போட்டு இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைத் தூக்கிக்கொண்டு வரும். அதே பள்ளம்தான், உங்களுக்கு வெள்ளை, அவர்களுக்குக் கறுப்பு. அந்தக் கறுப்புக் கோடு தாளில் மயிரிழை அளவு புடைத்தும் நிற்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணிலேயே தெரியும்.

அதனால் மைப்படியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘படி’யை மட்டும் கடன் கொடுங்கள். ஒரு தகட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தாளும் ஒரு ‘படி’. தொடக்கப்படி, தேய்ந்த தகட்டின் படி, பிற்காலப் படி என்றெல்லாம் அழகாக விரியும்.

‘செப்பேட்டு ஓவியம்’ வேண்டவே வேண்டாம். செப்பேடு என்றதும் திருவாலங்காட்டுச் செப்பேடும் லெய்டன் செப்பேடும் வந்து நிற்கும். சோழர் காலத்துக்கே போய்விடுவோம்.

இனி வகைகள். என் யோசனை ஒன்றே ஒன்று. ஆங்கிலப் பெயரைப் பெயர்க்காமல், தகட்டுக்கு என்ன நேர்ந்ததோ அதைச் சொல்லாக்க வேண்டும். தகட்டில் பள்ளம் செய்கிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘குழியச்சு’. கூரிய உளியால் தாமிரத்தைக் கீறி எடுப்பது ‘உளியச்சு’. தகட்டில் மெழுகுப்பூச்சு போட்டு, ஊசியால் அதைக் கீறி, திறந்த இடத்தை அமிலம் தின்னவிடுவது ‘அரிப்பச்சு’. இதைப் படித்ததும் சொறியத் தோன்றுகிறது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார், நானும் சிரித்தேன். ஆனால் மண் அரிப்பு, கடல் அரிப்பு என்று செய்தித்தாளில் தினம் படிக்கிறோம், எவரும் சொறிவதில்லை. ‘திராவக அச்சு’ என்று மாற்றலாமா என்றால், திராவகம் இன்று குற்றச்செய்திச் சொல்லாகிவிட்டது.

அக்வாடின்டுக்கு ‘துகளரிப்பச்சு’. தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் அந்தத் துகள்களின் இடுக்குகளில் மட்டும் இறங்கி அரிக்கும். வெளிறி இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மற்றதை இன்னும் ஊறவிட்டால் அங்கே கறுப்பு ஏறும். நகை பார்க்கிறவர்கள் கண்ணில் செருகும் பத்து மடங்கு லென்ஸை டேனியல் வானத்தின்மேல் வையுங்கள். வறண்ட ஏரியில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும் அல்லவா, அந்த மாதிரி குட்டிக் குட்டி வெள்ளைத் திட்டுகளும் சுற்றிலும் மை வலையும் தெரியும். அந்த வெள்ளை ஒவ்வொன்றும் ஒரு பிசின் துகள் உட்கார்ந்த இடம். ‘துகளச்சு’ என்று சுருக்கலாம் என்றவருக்கு: ஜெராக்ஸ் இயந்திரமும் துகளால்தான் அச்சிடுகிறது. அரிப்பு உள்ளே இருக்கட்டும்.

மெசோடின்டுக்கு வருகிறேன். மனித முகங்களுக்கு, குறிப்பாகக் கன்னத்து மென்மைக்கும் பட்டுத்துணி மினுக்கத்துக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதைத்தான் நம்பினார்கள். லுட்விக் ஃபான் ஸீகன் என்ற ஜெர்மானியர் 1642-இல் செய்த முதல் மெசோடின்டே, ஒரு ஜெர்மானியச் சிற்றரசை ஆண்ட சீமாட்டியின் முகம்தான். ‘இடைச்சாயல்’, ‘அரைநிறம்’ என்றெல்லாம் பரிந்துரைகள் வந்தன. வேலையைப் பாருங்கள். பல் வைத்த வளைந்த கத்தி ஒன்றைத் தகடு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டி ஆட்டி, ஓரிடம் விடாமல் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை போட்டால் தாள் கன்னங்கரேலென்று வரும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். இருட்டிலிருந்து முகத்தை மீட்கிற வேலை. அந்தச் சொரசொரப்பாக்கும் வேலை நமக்குப் புதிதா? தேய்ந்த அம்மியைக் கொத்திக் கொடுப்பவர்கள் செய்ததும் இதுதானே. எங்கள் பக்கம் அம்மி பொளிவது என்பார்கள். ‘பொளியச்சு’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘கொத்தச்சு’ என்றும் யோசித்தேன், புரோட்டா நினைவு வந்து விட்டுவிட்டேன்.

கல்லச்சில் சண்டையில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களிலேயே இருக்கிற சொல். ஒரு எச்சரிக்கை மட்டும்: 1796 வாக்கில் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்ட இந்த முறையில் கல்லைச் செதுக்குவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, பசையும் நீரும் ஒட்டாது என்ற குணத்தை வைத்து அச்சிடுவது. பள்ளம் இல்லை, ஆகவே தகட்டுத் தடமும் இருக்காது. மரத்தில் இரண்டு வகை உண்டு. பலகையின் நெடுக்கில் ரேகையோடு செதுக்குவது ஒன்று, அடிமரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் நுணுக்கமாகச் செதுக்குவது இன்னொன்று. நெடுக்குமர அச்சு, குறுக்குமர அச்சு என்று தச்சர் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்துகளையும் விடாமல் குறிப்பில் ஏற்றுங்கள். இடக்கோடியில் பெயருக்குப் பின் ‘டெல்.’ என்றிருந்தால் வரைந்தவர், ‘பின்க்ஸ்.’ என்றால் மூல ஓவியம் தீட்டியவர். வலக்கோடியில் ‘ஸ்கல்ப்.’ என்றால் செதுக்கியவர். 1735 முதல் பிரிட்டனில் வெளியிட்டவர் பெயரும் தேதியும் தகட்டில் இருந்தால்தான் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும் என்று வந்ததால், நடுவில் அதுவும் இருக்கும். அந்தத் தேதி வெளியீட்டுத் தேதி. கோயிலைப் பார்த்த தேதி இல்லை. 1792-இல் கண்டது 1798-இல் தகட்டில் ஏறியிருக்கும். ‘1798-இல் கோயில் இப்படி இருந்தது’ என்று நம் பட்டியலிலேயே ஏழெட்டு இடத்தில் பார்த்தேன். திருத்திவிட்டேன்.

எனக்கே முடிச்சு அவிழாத சொல் ஒன்று பாக்கி. ஒரே தகட்டை இடையில் திருத்தி மறுபடி அச்சிட்டால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘நிலை’ என்று எழுதிவருகிறேன், ஆனால் படத்தின் நிலைமை, அதாவது கிழிசல், கறை, என்று படிப்பவர்கள் நினைக்கிறார்கள். பியர் லோம்பார்ட் என்ற பிரெஞ்சுச் செதுக்குநரின் குதிரைவீரன் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் வான் டைக் தீட்டிய இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் படத்தைப் பார்த்துச் செய்தது. அதே குதிரை, அதே உடல், ஒரு கட்டத்தில் மேலே, சார்லஸின் ஆட்சியைக் கவிழ்த்த கிராம்வெல்லின் தலை, இன்னொரு கட்டத்தில் சார்லஸ் தலை, தலையே இல்லாமலும் சில படிகள். ஆட்சிக்கு ஏற்ற மாதிரி சுரண்டி மாற்றிக்கொண்டார்கள். இதற்கு இப்படிக் குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

குதிரைமேல் கிராம்வெல். உளியச்சு. மூலம்: வான் டைக். செதுக்கியவர்: லோம்பார்ட். தகட்டின் …ஆம் ___, தலை மாற்றப்பட்டது.

அந்தக் கோடிட்ட இடத்தில் ‘நிலை’யா, ‘கட்டம்’ஆ, ‘திருத்தம்’ஆ? கல்வெட்டு ஐயாவிடமும் கேட்கிறேன். ஒரே கல்லில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெட்டினால் உங்கள் துறையில் அதை என்னவென்று குறிப்பீர்கள்?