மைனர் யூனிட்டுக்குக் 'காசு' சரிவருமா?

வணக்கம். ரூபாய்க்குப் பைசா போல, ஒரு நாட்டுப் பணத்தின் சின்ன அலகை நிரலாளர்கள் 'மைனர் யூனிட்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் 'காசு' என்று வைக்கலாம் என்ற யோசனையைப் பார்த்தேன். சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்தது, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

நாற்பத்திரண்டரை ரூபாயைக் கணினி நிரலில் 42.50 என்று வைத்தால் தசமக் கணக்கில் பிசகு வரலாம் என்று 4250 என முழு எண்ணாகச் சேமிக்கிறோம் இல்லையா, அந்தப் பைசாவுக்கு எந்த நாட்டுப் பணமானாலும் பொருந்துகிற பொதுப்பெயர்தான் தேவை. ஒரு ரூபாய்க்கு அது 100, ஒரு குவைத் தினாருக்கு 1000.

காசு ஓரிடத்தில் நின்ற சொல் இல்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழம், புது நூலில் கோப்பவர் கூரிய நகத்தில் பிடித்த பொற்காசு மாதிரி இருக்கிறது. அங்கே அது நகையில் கோக்கிற பொருள்; காசுமாலையில் அந்த வாசனை இன்னும் மிச்சம். சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த பொன் நாணயம். கம்பெனி கால மதராசுக்கு வந்தால் அதே பெயர் செம்புக்கு இறங்கிவிட்டது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். (வெண்பாவின் கடைசிச் சீர் எப்படி அமைய வேண்டும் என்று காட்டும் வாய்பாடாக ஏற்கெனவே அது ஒரு கலைச்சொல்லும்கூட!)

போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சீனர்களின் சதுரத் துளைச் செம்பு நாணயத்துக்குக் 'கேஷ்' என்று பெயரானதும் இந்தக் காசுதான். ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு, அது பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே 'கேஷே தமிழ்தான்' என்பவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான்.

இன்று காசு என்றால் மொத்தப் பணமே. டச்சுக்காரர்களின் டாய்ட் என்ற சில்லறை நாணயம் 'துட்டு' ஆகி அதே வழியில் போனது. 'பணம்' மட்டும் என்ன, அதுவும் ஒரு நாணயத்தின் பெயராக இருந்ததுதானே.

அதனால் 'சிற்றலகு' என்கிறேன், ரூபாய், தினார் போன்ற மேஜர் யூனிட்டுக்குப் 'பேரலகு'. கொஞ்சம் பாடப்புத்தக வாடை அடிக்கும், சரி, நிரலாளர்கள்தானே படிக்கப்போகிறார்கள். காசுதான் வேண்டும் என்பவர்கள் ஜப்பானிய யென்னையும் யோசியுங்கள். அதற்கு மைனர் யூனிட்டே கிடையாது, அப்போது திரையில் 'இந்த நாணயத்தில் காசு இல்லை' என்று வரும்.