நன்னடத்தை அலுவலர் பயிற்சி: 1958 சட்டத்தில் எதை முதலில் படிப்பது?

கேள்வி: அடுத்த மாதம் பயிற்சி தொடங்குது. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் எந்தப் பிரிவுகள் முக்கியம்? குற்றவாளியைப் பற்றி நீதிமன்றத்துக்கு நன்னடத்தை அலுவலர் தரும் அறிக்கையில் எங்கே சறுக்குவாங்க?

மறுமொழி 1: 3, 4, 6. மூன்றாவது, கண்டித்து விடுவது. நான்காவது, பிணைமுறியில் (ஒழுங்காக இருப்பேன் என்று எழுதித் தரும் உறுதியில்) விடுவது: முறி அதிகபட்சம் 3 ஆண்டு, கண்காணிப்பு உத்தரவு போட்டால் குறைந்தது 1 ஆண்டு. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இதில் வராது. ஆறாவது 21 வயது நிறையாதவர்களுக்கு; அங்கே நீதிமன்றம் உங்கள் அறிக்கையைக் கேட்டே ஆகணும்.

மறுமொழி 2: சறுக்கல் முகவரியில்தான். 4ஆம் பிரிவில் விட, குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ நீதிமன்றத்தின் எல்லைக்குள் அல்லது முறிக் காலத்தில் குற்றவாளி வாழப்போகும் இடத்தில் நிலையான இருப்பிடமோ வழக்கமான தொழிலோ இருக்கணும். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதிடாதீங்க. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நேரில் போங்க. எஃப்.ஐ.ஆரை அப்படியே காப்பியடிச்சா அது அறிக்கையே இல்லை. கண்டது, கேட்டது, உங்கள் கருத்து மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வையுங்க.

மறுமொழி 3: 7ஆம் பிரிவை விட்டுட்டீங்களே! அறிக்கை ரகசியம். ஆனா அதன் சாரத்தை நீதிமன்றம் குற்றவாளிக்குச் சொல்லலாம், அவர் மறுத்து ஆதாரமும் தரலாம். பக்கத்து வீட்டு வதந்தியை எழுதினா அங்கேதான் மாட்டுவீங்க. என்ன பரிந்துரைக்கப் போறீங்கன்னு குடும்பத்தாரிடமும் வாய் திறக்காதீங்க.