இரண்டு வயது மகளுடன் மேஜிக் கிங்டம்: ஆலோசனை தேவை

வணக்கம். பிப்ரவரியில் இரண்டு வயது மகளுடன் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்லவிருக்கிறோம். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை என்பதும், உயர வரம்புள்ள சவாரிகளில் பெற்றோர் இருவரும் மாறி மாறிச் செல்ல 'ரைடர் ஸ்விட்ச்' வசதி உண்டு என்பதும் தெரியும். எங்கள் கவலையெல்லாம் அவளுடைய மதிய உறக்கத்தைப் பற்றியதுதான். வெளியில் தங்கிக் காரில் வருபவர்கள், வாகனத்தை நிறுத்திய பின் மோனோரயிலிலோ படகிலோ ஏறித்தான் வாயிலை அடைய வேண்டும் என்பதால், நடுவில் விடுதிக்குப் போய்த் திரும்புவதிலேயே பாதி நாள் கழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். ஸ்ட்ரோலரிலேயே (குழந்தைத் தள்ளுவண்டியிலேயே) குழந்தையை உறங்க வைத்தவர்கள், உள்ளே நிழலும் அமைதியும் உள்ள இடம் எது என்று சொன்னால் பேருதவியாக இருக்கும். இரவு வாணவேடிக்கையின் சத்தத்தை இந்த வயதுக் குழந்தைகள் தாங்கினார்களா என்பதையும் அறிய விரும்புகிறோம்.